எரிவதைப் பிடுங்கும் செல்கள்: அழற்சி எப்படி அடங்குகிறது?

1990-களின் தொடக்கத்தில் ஜெர்மனியைச் சேர்ந்த ஆய்வாளர்கள், இன்டர்லூகின்-2 என்னும் புரதத்தை உண்டாக்கும் மரபணுவைச் செயலிழக்கச் செய்து சுண்டெலிகளை வளர்த்தனர். நோயெதிர்ப்புச் செல்களைப் பெருகச் செய்யும் பொருள் என்றே அப்போது இன்டர்லூகின்-2 அறியப்பட்டிருந்தது. 1976-இல் அது கண்டறியப்பட்டதும் ஆய்வுக்கூடக் குடுவையில் டி செல்கள் என்னும் ஒருவகை நோயெதிர்ப்புச் செல்களை நெடுநாள் உயிரோடு வளர்க்க உதவும் பொருளாகத்தான். ஆகவே அது இல்லாத எலிகளின் எதிர்ப்பாற்றல் நலிந்து போகும், சிறு தொற்றுக்கும் அவை தாங்காமல் இறந்துவிடும் என்று எதிர்பார்ப்பதே இயல்பு. நடந்ததோ வேறு. 1993-இல் வெளியான முடிவுகளின்படி, பிறந்த நான்காவது வாரத்துக்கும் ஒன்பதாவது வாரத்துக்கும் இடையில் ஏறத்தாழப் பாதி எலிகள் இறந்தன; தப்பிப் பிழைத்த எலிகளின் பெருங்குடல் அழற்சியால் புண்ணாகிப் போயிற்று. அவற்றின் எதிர்ப்பாற்றல் குன்றிவிடவில்லை; கட்டுக்கடங்காமல் பெருகித் தன் உடலையே தாக்கியது.

உரத்தை நிறுத்தினால் பயிர் வாட வேண்டும். இங்கே உரத்தை நிறுத்தியதும் வயல் முழுவதும் களை மண்டியது. இந்தப் புதிருக்கு விடை தெரிந்தால், நம் உடலில் அழற்சி எப்படித் தொடங்குகிறது என்பதோடு, அதைவிடக் குறைவாகவே பேசப்படும் மற்றொன்றும் விளங்கும்: அது எப்படி அடங்குகிறது என்பது.

அழற்சியும் வேதிச் சமிக்ஞையும்

அழற்சி என்னும் சொல்லுக்குள் அழல் இருக்கிறது. அழல் என்றால் தீ. முள் குத்திய விரலைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பெயரின் பொருத்தம் புரியும். சிவப்பு, வீக்கம், சூடு, வலி என்னும் நான்கையும் அழற்சியின் அடையாளங்களாக ரோமானிய எழுத்தாளர் செல்சஸ் கி.பி. முதலாம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்தார். இந்த நான்கையும் நோய் என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் அவை உடல் செய்யும் வேலையின் விளைவுகள். காயம்பட்ட இடத்தில் இரத்த நுண்குழாய்கள் விரிவதால் சிவப்பும் சூடும் தோன்றுகின்றன. குழாய்ச் சுவர்கள் சற்றே நெகிழ்ந்து நீரையும் வெள்ளையணுக்களையும் வெளியே விடுவதால் வீக்கம் உண்டாகிறது. அந்த வெள்ளையணுக்கள் கிருமிகளை விழுங்கவும் நச்சுப் பொருள்களை உமிழ்ந்து கொல்லவும் செய்கின்றன. அந்த நச்சு கிருமியை மட்டும் தேர்ந்து தாக்குவதில்லை. பக்கத்தில் இருக்கும் நல்ல திசுவும் வேகும். அழற்சி இல்லாவிட்டால் நாம் பிழைக்க முடியாது என்பது எவ்வளவு உண்மையோ, அது உரிய நேரத்தில் நிற்காவிட்டாலும் பிழைக்க முடியாது என்பதும் அவ்வளவு உண்மை.

இத்தனை செல்களும் தமக்குள் தொடர்பு கொள்ளும் வழியே வேதிச் சமிக்ஞை. ஒரு செல் ஒரு சிறு புரதத்தை வெளியே விடுகிறது. அருகிலுள்ள மற்றொரு செல்லின் மேற்பரப்பில் அந்தப் புரதத்துக்கு ஏற்ற வடிவில் ஓர் ஏற்பி இருந்தால், புரதம் அதில் பொருந்துகிறது. பொருந்தியதும் செல்லுக்குள் ஒரு தொடர்வினை நிகழ்ந்து, சில மரபணுக்கள் விழிக்கின்றன, சில உறங்குகின்றன. நோயெதிர்ப்புச் செல்கள் இவ்வாறு பயன்படுத்தும் புரதங்களுக்குச் சைட்டோகைன்கள் என்று பெயர். இவற்றுள் ஒரு பெரும் பகுதியை இன்டர்லூகின் என்று பெயரிட்டு எண் கொடுத்து அழைக்கிறார்கள். எண்களைக் கண்டு மிரள வேண்டியதில்லை. அவை பெரும்பாலும் பெயரிடப்பட்ட வரிசையைக் குறிப்பவை, வேறு பொருள் அவற்றுக்கு இல்லை.

தொடக்க நிலையில் படிப்போர் பலர் இடறும் ஓரிடத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ‘இது அழற்சியைத் தூண்டும் சைட்டோகைன், அது அழற்சியைத் தணிக்கும் சைட்டோகைன்’ என்று இரண்டு பட்டியல்களாகப் பிரித்து மனப்பாடம் செய்யும் பழக்கம் பரவலாக இருக்கிறது. தேர்வுக்கு அது உதவலாம். உடலைப் புரிந்துகொள்ள உதவாது. ஒரு சமிக்ஞை யாரிடம் போய்ச் சேர்கிறது, எவ்வளவு சேர்கிறது, அதனுடன் வேறு எந்தச் சமிக்ஞை சேர்ந்து வருகிறது என்பவற்றைப் பொறுத்தே அதன் பொருள் அமைகிறது. ‘வா’ என்னும் சொல் தாயின் வாயிலிருந்து வரும்போதும் சண்டைக்காரன் வாயிலிருந்து வரும்போதும் ஒன்றாகவா இருக்கிறது?

அடக்கும் செல்களைக் கண்டறிந்த கதை

நோயெதிர்ப்புச் செல்களில் டி செல்கள் ஒரு முக்கிய வகை. மார்பெலும்பின் பின்னால் உள்ள தைமஸ் சுரப்பியில் அவை முதிர்கின்றன. சொந்த உடலையே தாக்கக்கூடிய டி செல்கள் அந்தச் சுரப்பியிலேயே பெரும்பாலும் அழிக்கப்பட்டுவிடும். ஆனால் அந்தச் சல்லடையில் தப்பி வெளியே வருபவையும் உண்டு. நலமாக இருக்கும் ஒவ்வொருவர் உடலிலும் அவை உலவுகின்றன. அப்படியானால் நம்மில் பெரும்பாலோருக்கு ஏன் தன்னுடல் தாக்கு நோய் வருவதில்லை?

ஜப்பானைச் சேர்ந்த நிஷிசுகாவும் சகாகுராவும் 1969-இல் ஒரு விந்தையைக் கண்டனர். பிறந்து மூன்று நாளான எலிக்குட்டிகளின் தைமஸை அகற்றினால், டி செல்கள் குறைந்து எதிர்ப்பாற்றல் நலிய வேண்டும். ஆனால் அந்த எலிகளின் சினைப்பைகள் அழிந்திருந்தன. அது தன் உடலைத் தானே தாக்கியதன் விளைவு என்பது பின்னர் தெளிவாயிற்று. தைமஸ் தாக்கும் செல்களை மட்டுமின்றி, அவற்றைத் தடுக்கும் செல்களையும், சற்றே தாமதமாக, வெளியே அனுப்புகிறது என்பதே இதன் உட்பொருள்.

1970-களில் அமெரிக்க ஆய்வாளர் ரிச்சர்ட் கெர்ஷன் முதலானோர் ‘ஒடுக்கும் டி செல்கள்’ என்ற கருத்தை முன்வைத்தனர். அது சில ஆண்டுகள் பெரும் ஆரவாரத்துடன் பேசப்பட்டது. ஆனால் அச்செல்களுக்கு அடையாளமாகக் கூறப்பட்ட ஒரு மூலக்கூறின் மரபணு, இருப்பதாகச் சொல்லப்பட்ட இடத்தில் இல்லவே இல்லை என்று 1980-களில் நிறுவப்பட்டதும், அந்தத் துறையே அவப்பெயருக்கு ஆளானது. ஒடுக்கும் செல்களைப் பற்றிப் பேசுவதே அறிவியலருக்கு அழகன்று என்ற நிலை. அந்தச் சூழலிலும் ஷிமோன் சகாகுச்சி, 1969-ஆம் ஆண்டுச் சோதனையின் கேள்வியை விடாமல் பற்றிக்கொண்டார். எல்லோரும் கைவிட்ட கேள்வியை ஒருவர் பத்தாண்டுகளுக்கு மேல் சுமந்து திரிந்ததை எண்ணும்போது எனக்கு வணங்கத் தோன்றுகிறது.

1995-இல் அவர் விடையை வெளியிட்டார். சிடி4 என்னும் குறியைத் தாங்கிய டி செல்களில் ஏறத்தாழ 5 முதல் 10 விழுக்காடு, சிடி25 என்னும் மற்றொரு குறியையும் தாங்கியிருக்கும். அந்தச் சிறுபான்மையை மட்டும் நீக்கிவிட்டு, மீதியை டி செல்களே இல்லாத எலிகளுக்குச் செலுத்தினால், அவற்றின் வயிறு, தைராய்டு முதலான பல உறுப்புகள் தாக்கப்பட்டன. நீக்கிய செல்களைத் திருப்பிச் செலுத்தினால் நோய் தடுக்கப்பட்டது. இவைதாம் இன்று ஒழுங்குபடுத்தும் டி செல்கள் என்று அழைக்கப்படுபவை. அந்த சிடி25 என்னும் குறியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எலிகளின் புதிர் அங்கேதான் அவிழப்போகிறது.

கதையின் மற்றொரு இழை அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் தொடங்கியது. அங்குள்ள ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடத்தில் 1949-இல், தோல் செதிலாக உரிந்து, மண்ணீரலும் நிணநீர்க் கணுக்களும் பெருத்து, சில வாரங்களே வாழும் ஆண் எலிகள் தற்செயலாகப் பிறந்தன. ‘ஸ்கர்ஃபி’ என்று பெயரிடப்பட்ட இந்த எலிகளின் குறைபாடு எந்த மரபணுவில் இருக்கிறது என்று மேரி பிரங்கோவும் ஃபிரெட் ராம்ஸ்டெல்லும் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு மருந்து நிறுவனத்தில் இருந்தபடி தேடினர். எக்ஸ் குரோமோசோமில் ஒரு சிறு பகுதிவரை நெருங்கியபோது அதில் 20 மரபணுக்கள் எஞ்சியிருந்தன. ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தபோது, கடைசியான இருபதாவதில்தான் பிழை அகப்பட்டது. அதற்கு ஃபாக்ஸ்பி3 என்று பெயர். அதே மரபணுவில் பிழையுடன் பிறக்கும் ஆண் குழந்தைகளுக்குப் பிறந்த சில மாதங்களிலேயே கடும் வயிற்றுப்போக்கும், முதல் வகை நீரிழிவும், தோல் அழற்சியும் வருவதை 2001-இல் கண்டறிந்தனர். ஐபெக்ஸ் என்பது அந்த நோயின் பெயர். ஒரு செல்லை ஒழுங்குபடுத்தும் டி செல்லாக ஆக்குவதே ஃபாக்ஸ்பி3-தான் என்பதை 2003-இல் மூன்று ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே நிறுவின. பிரங்கோ, ராம்ஸ்டெல், சகாகுச்சி மூவருக்கும் 2025-ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

புதிரின் விடை

இப்போது சிடி25-க்கு வருவோம். அது இன்டர்லூகின்-2-ஐப் பற்றும் ஏற்பியின் ஒரு பகுதி. அந்த ஏற்பி மூன்று துண்டுகளால் ஆனது. இரண்டு துண்டுகள் மட்டும் இருந்தாலும் அது இன்டர்லூகின்-2-ஐப் பற்றும். ஆனால் தளர்வாகப் பற்றும். சிடி25 என்னும் மூன்றாவது துண்டும் சேர்ந்துவிட்டால் பிடிமானம் ஏறத்தாழ 100 மடங்கு இறுகும். சாதாரண டி செல்கள் ஓய்வில் இருக்கும்போது இந்த மூன்றாவது துண்டு அவற்றிடம் இருப்பதில்லை. கிருமியைக் கண்டு கிளர்ந்தெழும்போது சில நாள்களுக்கு மட்டும் தோன்றி மறையும். ஒழுங்குபடுத்தும் டி செல்களிடமோ அது எப்போதும் மிகுதியாக இருக்கிறது. ஆகவே திசுவில் இன்டர்லூகின்-2 சிறிதளவே இருந்தாலும் முதலில் அதை உறிஞ்சுபவை இவைதாம்.

இன்னொரு வியப்பு உண்டு. இன்டர்லூகின்-2 இல்லாமல் வாழ முடியாத இந்தச் செல்களால் அதைத் தாமாகச் செய்துகொள்ள முடியாது. ஃபாக்ஸ்பி3 அந்த மரபணுவை அடைத்து வைத்திருக்கிறது. எனவே அவை பிறர் கையை எதிர்பார்த்தே வாழ வேண்டும். யார் தருவார்? கிளர்ந்தெழுந்த தாக்கும் டி செல்களே தருகின்றன. தாக்கும் செல் தன் பெருக்கத்துக்காக இன்டர்லூகின்-2-ஐச் சுரக்கிறது. அதன் ஒரு பங்கு அருகிலிருக்கும் ஒழுங்குபடுத்தும் செல்லைச் சென்றடைந்து அதை வலுப்படுத்துகிறது. வலுப்பெற்ற அந்தச் செல் சுற்றியுள்ள இன்டர்லூகின்-2-ஐ உறிஞ்சியும் வேறு வழிகளிலும் தாக்கும் செல்லை அடக்குகிறது. தாக்குதல் எழும்போதே அதை அடக்கும் செல்லும் அதே பொருளால் ஊட்டப்பட்டு வளர்கிறது.

‘எரிவதைப் பிடுங்கினால் கொதிப்பது அடங்கும்’ என்பது நம் பழமொழி. விறகடுப்பில் சமைத்தவர்கள் இதைக் கையால் அறிந்தவர்கள்: உலை பொங்கும்போது தண்ணீரை ஊற்றி அடுப்பை அணைப்பதில்லை, ஒரு கொள்ளியை வெளியே இழுக்கிறார்கள். ஒழுங்குபடுத்தும் டி செல் இன்டர்லூகின்-2-ஐ உறிஞ்சும்போது செய்வதும் கொள்ளியை இழுக்கும் வேலைதான். நெருப்பு அணைந்துவிடுவதில்லை, தேவைப்பட்டால் மீண்டும் தள்ளிக்கொள்ளலாம்.

எலிகளுக்கு என்ன நேர்ந்தது என்பது இப்போது தெளிவாகும். இன்டர்லூகின்-2 முற்றிலும் இல்லாதபோது தாக்கும் செல்களும் ஒழுங்குபடுத்தும் செல்களும் ஒருசேர அதை இழக்கின்றன. ஆனால் இழப்பின் அளவு ஒன்றன்று. தாக்கும் செல்களுக்கு வேறு வளர்ச்சிப் பொருள்கள் இருப்பதால் அவை ஒருவாறு பிழைத்துக்கொள்கின்றன. ஒழுங்குபடுத்தும் செல்கள் மெலிந்து, எண்ணிக்கையிலும் ஆற்றலிலும் தேய்ந்து போகின்றன. இன்டர்லூகின்-2-இன் தலையாய பணி தாக்குதலை வளர்ப்பதன்று, அடக்கும் செல்களைக் காப்பதே என்ற முடிவுக்கு ஆய்வாளர்கள் மெல்ல மெல்ல வந்தனர். ஒரு பொருளுக்குப் பெயர் வைத்தபோது தெரிந்த வேலையே அதன் முதன்மையான வேலையாக இருக்க வேண்டும் என்பதில்லை.

இந்த உரையாடல் எவ்வளவு நெருக்கத்தில் நடக்கிறது என்பதும் கவனிக்கத் தக்கது. எலிகளின் நிணநீர்க் கணுக்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்து 2015-இல் வெளியான ஓர் ஆய்வு, தன் உடலைத் தாக்கத் தலைப்பட்டு இன்டர்லூகின்-2-ஐச் சுரக்கத் தொடங்கிய டி செல்களைச் சுற்றி ஒழுங்குபடுத்தும் செல்கள் கொத்தாகக் கூடியிருப்பதைக் காட்டியது. நலமான உடலிலும் தீப்பொறிகள் அவ்வப்போது எழுந்துகொண்டேதான் இருக்கின்றன. எழுந்த இடத்திலேயே அவை கவனிக்கப்படுகின்றன. பெருந்தொற்று வரும்போது மட்டும் இன்டர்லூகின்-2 வெள்ளமாகச் சுரந்து, ஒழுங்குபடுத்தும் செல்கள் உறிஞ்சியது போக மிஞ்சி, தாக்கும் செல்களுக்கும் தாராளமாகக் கிடைக்கிறது. அப்போது தாக்குதல் வெல்ல வேண்டும், வெல்கிறது.

அவை தாமே அனுப்பும் சமிக்ஞைகள்

உறிஞ்சுவது ஒரு வழி. தம் பங்குக்கு இச்செல்கள் அனுப்பும் சமிக்ஞைகளும் உண்டு.

இன்டர்லூகின்-10 அவற்றுள் முதன்மையானது. 1989-இல் கண்டறியப்பட்டபோது ‘சைட்டோகைன் உற்பத்தியைத் தடுக்கும் காரணி’ என்றே அதைக் குறித்தனர். கிருமிகளை விழுங்கும் பெருவிழுங்கிச் செல்களிடமும், கிருமியின் துண்டுகளை டி செல்களுக்குக் காட்டும் டென்ட்ரிட்டிக் செல்களிடமும் அது சென்று சேர்கிறது. சேர்ந்ததும், காய்ச்சலையும் வீக்கத்தையும் வளர்க்கும் டிஎன்எஃப், இன்டர்லூகின்-6, இன்டர்லூகின்-12 ஆகியவற்றை அச்செல்கள் சுரப்பது குறைகிறது. டி செல்களுக்குத் துண்டுகளைக் காட்டிக் கிளர்ச்சியூட்டும் ஆற்றலும் மங்குகிறது. இன்டர்லூகின்-10 இல்லாத எலிகளுக்கும் குடல் அழற்சி வந்ததை 1993-இல் கண்டனர். ஆனால் அந்த எலிகளை நுண்ணுயிரே இல்லாத சூழலில் வளர்த்தபோது அழற்சி தோன்றவில்லை. 2008-இல் நடந்த ஆய்வு இன்னும் கூர்மையானது. ஒழுங்குபடுத்தும் டி செல்களில் மட்டும் இன்டர்லூகின்-10-ஐ நீக்கிய எலிகளுக்கு உடல் முழுவதும் பரவிய நோய் வரவில்லை. பெருங்குடல், நுரையீரல், தோல் ஆகிய இடங்களில் மட்டுமே அழற்சி மிகுந்தது. வெளியுலகம் நம்மைத் தொடும் எல்லைகள் அவை. அங்கே நுண்ணுயிர்களோடு ஓயாத உரசல் இருக்கும். அந்த உரசல் தீயாக மூளாமல் காப்பது இன்டர்லூகின்-10-இன் தனிப்பணி.

மனிதரிலும் இதற்குச் சான்று உண்டு. பிறந்த சில மாதங்களிலேயே எந்த மருந்துக்கும் அடங்காத குடல் அழற்சியால் துன்புற்ற சில குழந்தைகளுக்கு, இன்டர்லூகின்-10-ஐ ஏற்கும் ஏற்பியின் மரபணுவில் பிழை இருப்பது 2009-இல் கண்டறியப்பட்டது. செய்தி வருகிறது, கேட்கும் காது இல்லை. இரத்த மூலச் செல்களை மாற்றிப் பொருத்திப் புதிய ‘காதுகள்’ உள்ள வெள்ளையணுக்களைத் தந்தபோது ஒரு குழந்தைக்கு நோய் தணிந்தது.

அடுத்தது டிஜிஎஃப்-பீட்டா. இது வெளியே வரும்போது உறையிட்ட வாளைப் போல் வருகிறது. அதைச் சுற்றி ஒரு புரத உறை பொதிந்திருப்பதால் அந்நிலையில் எந்த ஏற்பியிலும் அது பொருந்தாது. ஒழுங்குபடுத்தும் டி செல்கள் இந்த உறையோடு அதைத் தம் மேற்பரப்பில் ஏந்தி நிற்கின்றன. இன்டெக்ரின் என்னும் மற்றொரு வகைப் புரதம் உறையை இழுத்துத் திறக்கும் இடத்தில் மட்டுமே அது விடுபட்டுச் செயல்படும். இவ்வளவு கட்டுக்காவல் ஏன் என்று கேட்டால், இந்தப் பொருளின் வீச்சு அவ்வளவு பெரியது. டிஜிஎஃப்-பீட்டா-1 இல்லாத எலிகள் பல உறுப்புகளில் பரவிய அழற்சியால் சில வாரங்களிலேயே இறந்துபோவதை 1992-இல் கண்டனர்.

சேர்க்கை பொருளை மாற்றும் என்று தொடக்கத்தில் சொன்னதற்கு டிஜிஎஃப்-பீட்டாவைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. இன்னும் எந்தத் தொழிலையும் ஏற்காத இளம் டி செல் ஒன்று கிளர்ச்சி பெறும்போது, டிஜிஎஃப்-பீட்டா சேர்ந்தால் அதில் ஃபாக்ஸ்பி3 விழித்து, அது ஒழுங்குபடுத்தும் செல்லாக மாறக்கூடும். அதே டிஜிஎஃப்-பீட்டாவுடன் இன்டர்லூகின்-6-உம் சேர்ந்து வந்தால், அந்தச் செல் நேரெதிர்த் திசையில் போய், இன்டர்லூகின்-17-ஐச் சுரந்து வெள்ளையணுக்களைத் திரட்டும் கடும் அழற்சிச் செல்லாகிறது. எலிச் செல்களைக் கொண்டு 2006-இல் இது நிறுவப்பட்டது. இன்டர்லூகின்-6 என்பது ‘இங்கே கிருமி இருக்கிறது’ என்று பெருவிழுங்கிகள் எழுப்பும் கூக்குரல். கூக்குரல் இல்லாத அமைதியில் டிஜிஎஃப்-பீட்டா பொறுமையைக் கற்பிக்கிறது. கூக்குரல் எழுந்தால் அதுவே சீற்றத்துக்குத் துணைபோகிறது. இதை அழற்சியைத் தூண்டும் பட்டியலில் சேர்ப்பதா, தணிக்கும் பட்டியலில் சேர்ப்பதா?

மூன்றாவது சமிக்ஞை புரதமே அன்று. செல்கள் உடையும்போது அவற்றுள் இருக்கும் ஏடிபி என்னும் ஆற்றல் மூலக்கூறு வெளியே கொட்டுகிறது. உள்ளே இருக்க வேண்டியது வெளியே கிடப்பதே அபாயத்தின் அறிகுறி என்பதால், ஏடிபியைக் கண்ட நோயெதிர்ப்புச் செல்கள் அழற்சியைக் கூட்டுகின்றன. ஒழுங்குபடுத்தும் டி செல்களின் மேற்பரப்பில் சிடி39, சிடி73 என்னும் இரு நொதிகள் உள்ளன. முதல் நொதி ஏடிபியிலிருந்து பாஸ்பேட் துண்டுகளை நறுக்குகிறது. இரண்டாவது நொதி மிஞ்சியதையும் நறுக்கி அடினோசினாக ஆக்குகிறது. அடினோசினோ தாக்கும் செல்களின் ஏற்பிகளில் பொருந்தி அவற்றைத் தணியச் செய்கிறது. அபாய அறிவிப்பை அழிப்பதோடு நில்லாமல், அதன் துண்டுகளைக் கொண்டே அமைதி அறிவிப்பை எழுதிவிடுகின்றன இந்தச் செல்கள். இந்த அடினோசின் ஏற்பிகளையே மூளையில் காபியின் கஃபீன் மறித்து நம் தூக்கத்தைக் கலைக்கிறது என்பதை உடலின் சிக்கனத்துக்கு ஒரு சான்றாகச் சொல்லலாம். காபி குடித்தால் அழற்சி மிகும் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம்.

இவை தவிர, சிடிஎல்ஏ-4 என்னும் மூலக்கூறைக் கொண்டு, டென்ட்ரிட்டிக் செல்களின் மேலுள்ள கிளர்ச்சிக் குறிகளைத் தொட்டு உரித்தெடுக்கும் வழியும் உண்டு. அது தொடுகையால் நடப்பது. இக்கட்டுரையின் எல்லைக்குச் சற்று வெளியே நிற்பது.

குடலிலிருந்து வரும் சொற்கள்

ஒழுங்குபடுத்தும் செல்கள் கேட்கும் சமிக்ஞைகள் எல்லாம் நம் செல்களிடமிருந்தே வருவதில்லை. பெருங்குடலில் வாழும் பாக்டீரியாக்கள், நம்மால் செரிக்க முடியாத நார்ச்சத்தை நொதிக்கச் செய்து பியூட்டிரேட் முதலான சிறு கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன. இவை பெருங்குடலில் ஒழுங்குபடுத்தும் டி செல்களைப் பெருக்குவதை 2013-இல் மூன்று ஆய்வுக் குழுக்கள் எலிகளில் காட்டின. டி.என்.ஏ.வைச் சுருட்டி மூடிவைக்கும் அமைப்பைப் பியூட்டிரேட் சற்றே தளர்த்துவதால், ஃபாக்ஸ்பி3 மரபணு எளிதாகத் திறக்கிறது. நாம் உண்ணும் வைட்டமின் ஏ-யிலிருந்து குடலின் டென்ட்ரிட்டிக் செல்கள் ரெட்டினாயிக் அமிலத்தைச் செய்கின்றன; டிஜிஎஃப்-பீட்டாவோடு சேரும்போது அதுவும் இளம் டி செல்களை அதே பாதையில் திருப்புகிறது. நாள்தோறும் பல கோடி நுண்ணுயிர்களையும் அயல் உணவுப் புரதங்களையும் சந்திக்கும் குடல் ஓயாமல் எரிந்துகொண்டிருக்காததற்கு இவையும் காரணங்கள். கீரையும் பயறும் சிறுதானியமும் நல்ல உணவு என்பதில் ஐயமில்லை. ஆனால் எலியின் பெருங்குடலில் கண்ட இந்த முடிவைக் காட்டி, முடக்குவாதத்தையோ சோரியாசிஸையோ உணவாலேயே தீர்த்துவிடலாம் என்று யாரேனும் விளம்பரம் செய்தால் நம்ப வேண்டாம் என்று அழுத்தமாகச் சொல்கிறேன். நோயாளிகள் உண்டுவரும் மருந்தை நிறுத்திவிட்டுத் துன்பப்படுவது இப்படித்தான்.

அழற்சியை அடக்குவதோடு இச்செல்களின் வேலை முடிந்துவிடுவதும் இல்லை. காயம்பட்ட தசையிலும், இன்ஃபுளுவென்சா தாக்கிய நுரையீரலிலும் அவை ஆம்ஃபிரெகுலின் என்னும் வளர்ச்சிப் பொருளைச் சுரந்து திசுவைச் சீராக்க உதவுகின்றன. இந்த ஒரு பொருளை மட்டும் சுரக்க முடியாத ஒழுங்குபடுத்தும் செல்களைக் கொண்ட எலிகளுக்கு இன்ஃபுளுவென்சா வந்தபோது, வைரஸை எதிர்ப்பதில் குறை ஏதும் இல்லை. நுரையீரலின் சேதம் மட்டும் கடுமையாக இருந்தது. மறுபுறம், இதே செல்கள் புற்றுநோய்க் கட்டிக்குள் திரண்டால் அதுவே நோயாளிக்குக் கேடு. சில கட்டிகளிலிருந்து சிசிஎல்22 என்னும் சமிக்ஞை கசிந்து, ஒழுங்குபடுத்தும் டி செல்களை உள்ளே இழுக்கிறது. அவை வந்து, கட்டியைத் தாக்க வேண்டிய செல்களை அடக்கிவிடுகின்றன.

மருந்தாக மாற்றும் முயற்சி

இவ்வளவு தெரிந்த பின், இந்தச் சமிக்ஞைகளையே மருந்தாகத் தந்தால் என்ன என்ற எண்ணம் எழுவது இயல்பு. இன்று பெரும்பாலும் தரப்படும் ஸ்டீராய்டு போன்ற மருந்துகள் நோயெதிர்ப்பு முழுவதையும் தாழ்த்துகின்றன. கொள்ளியை இழுப்பதற்குப் பதிலாக அடுப்பில் தண்ணீர் ஊற்றுவதைப் போன்றது அது. உயிரைக் காக்கும் நேரங்களில் அது தேவைதான். ஆனால் ஆண்டுக் கணக்கில் ஊற்றிக்கொண்டிருந்தால் தொற்று முதல் எலும்புத் தேய்வு வரை விலை கொடுக்க நேர்கிறது.

இன்டர்லூகின்-10-ஐ ஊசி மருந்தாகக் குரோன் என்னும் குடல் அழற்சி நோயாளிகளுக்குத் தந்து பார்த்தனர். எலிகளில் கண்ட நம்பிக்கைக்கு ஏற்ற பலன் கிடைக்கவில்லை. இரத்தத்தில் செலுத்திய புரதம் குடற்சுவரின் உரிய இடத்தில் உரிய அளவில் சேராததும், அளவைக் கூட்டியபோது அழற்சியைத் தூண்டும் வேறு சைட்டோகைன்கள் மிகுந்ததும் இதற்குக் காரணங்களாகக் கருதப்படுகின்றன. உடலுக்குள் ஒரு செல் தன் அடுத்த செல்லிடம் மெல்லச் சொல்வதை நாம் ஊர் முழுவதற்கும் ஒலிபெருக்கியில் சொன்னால் பொருள் மாறிவிடுகிறது.

இன்டர்லூகின்-2-இன் வரலாறு இதைவிடச் சுவையானது. சிறுநீரகப் புற்றுநோய்க்கு அதை மிகுந்த அளவில் தர அமெரிக்கா 1992-இல் ஒப்புதல் அளித்தது. அங்கே நோக்கம், தளர்வான ஏற்பிகள் உடைய தாக்கும் செல்களையும் எட்டும் அளவுக்குக் கொட்டுவது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 6 லட்சம் அலகு வீதம், எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அது தரப்பட்டது. 60 கிலோ எடை உள்ளவருக்கு ஒரு வேளைக்கே 3 கோடியே 60 லட்சம் அலகு. பிடிமானம் இறுகிய ஏற்பிகள் ஒழுங்குபடுத்தும் செல்களிடம்தானே உள்ளன, மிகக் குறைவாகத் தந்தால் அவை மட்டும் பெற்றுக்கொள்ளுமே என்று சிந்தித்தவர்கள் 2011-இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். பாரிஸில், ஹெபடைடிஸ் சி தொற்றால் இரத்தக்குழாய் அழற்சி வந்த 10 நோயாளிகளுக்கு நாளொன்றுக்கு 15 லட்சம் முதல் 30 லட்சம் அலகு வரை, சில நாள்கள் கொண்ட தவணைகளாகத் தந்தபோது, ஒழுங்குபடுத்தும் டி செல்கள் பெருகின. 8 பேரிடம் முன்னேற்றம் தெரிந்தது. பாஸ்டனில், பிறரின் மூலச் செல்களைப் பெற்றதால் நாட்பட்ட அழற்சிக்கு ஆளானவர்களிடமும் இதே வழி பலன் தந்தது. ஒரே மருந்து, ஒரு கையில் தாக்குதலுக்கு, மறு கையில் அமைதிக்கு. சிடி25 உள்ள செல்களை மட்டுமே எட்டும்படி இன்டர்லூகின்-2-இன் வடிவத்தைத் திருத்தும் முயற்சிகளும் நடந்துவருகின்றன.

இதில் எவ்வளவு கவனம் வேண்டும் என்பதைக் கற்பித்த நாள் 2006 மார்ச் 13. டிஜிஎன்1412 என்னும் ஆன்டிபாடி, சிடி28 என்னும் மூலக்கூறின் வழியே டி செல்களைத் தூண்டுவது. எலிச் சோதனைகளில் அதையொத்த ஆன்டிபாடி ஒழுங்குபடுத்தும் செல்களைச் சிறப்பாகப் பெருக்கி அழற்சியைத் தணித்ததால், முடக்குவாதம் முதலான நோய்களுக்கு உதவும் என்று நம்பினர். லண்டனில் நலமான ஆறு இளைஞர்களுக்கு அதைச் செலுத்தினர். கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் என்பது, குரங்குகள் தாங்கியதைவிட மிகக் குறைந்த அளவுதான். ஆனால் ஒன்றரை மணி நேரத்துக்குள் ஆறு பேரும் தலைவலி, நடுக்கம், காய்ச்சலில் வீழ்ந்தனர். சைட்டோகைன்கள் புயலாகப் பெருகி, உறுப்புகள் செயலிழக்கத் தொடங்கின. தீவிர சிகிச்சையால் ஆறு பேரும் உயிர் பிழைத்தனர். காரணம் பின்னர் விளங்கியது. முன்பே கிருமிகளைச் சந்தித்துத் திசுக்களில் தங்கியிருக்கும் நினைவு டி செல்கள் மனிதரிடம் ஏராளம். அவற்றின் மேல் சிடி28 உண்டு. தூய்மையான கூண்டில் வளர்ந்த எலிகளிடம் அத்தகைய செல்கள் மிகக் குறைவு. சோதிக்கப்பட்ட குரங்கினத்தின் அவ்வகைச் செல்களிலோ சிடி28 இல்லை. ஒழுங்குபடுத்தும் செல்களுக்காக அனுப்பிய சொல் மனிதரில் தாக்கும் செல்களின் காதில் விழுந்தது.

மருந்துச் சோதனை விதிகள் இதன்பின் கடுமையாயின. புதிய மருந்தை முதன்முதலில் மனிதருக்குத் தரும்போது எல்லோருக்கும் ஒரே நாளில் அடுத்தடுத்துச் செலுத்தாமல், ஒருவருக்குத் தந்து காத்திருந்து பார்க்கும் வழக்கம் வலுப்பெற்றது. அந்த ஆன்டிபாடி கைவிடப்படும் என்றே பலர் எண்ணினர். சில ஆண்டுகளுக்குப் பிறகு அதை வேறு பெயரில், கிலோவுக்கு 0.1 மைக்ரோகிராம், அதாவது முன்பு தந்ததில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற அளவிலிருந்து தொடங்கி, மிக மெதுவாகச் செலுத்திப் பார்த்தனர். சிறுகச் சிறுக அளவைக் கூட்டியபோதும் புயல் எழவில்லை. அழற்சியைத் தூண்டும் சைட்டோகைன்கள் கூடாத அந்தத் தன்னார்வலர்களின் இரத்தத்தில் இன்டர்லூகின்-10 மட்டும் உயர்ந்திருந்தது.